கடைசி மடக்குக்குப் பின்

மாநகரப் பேருந்துகளில் 'கக்காதீர்' என்ற பலகை வந்தது 2056 ஜூன் மாதம். 'புகை பிடிக்காதீர்', 'எச்சில் துப்பாதீர்' இரண்டுக்கும் கீழே, அதே சிவப்பு எழுத்தில். அடுத்த மாதமே இருக்கைகளின் பின்புறம் பழுப்பு நிறக் காகிதப் பைகள் தொங்கின. பைகளை யாரும் எடுக்கவில்லை. எடுத்தால் பக்கத்தில் இருப்பவர் எழுந்து போய்விடுவார். ஆகவே கைக்குட்டையில், துப்பட்டாவில், சாப்பாட்டு டப்பாவின் மூடியில் கக்கிக்கொண்டார்கள். பிறகு எதுவும் நடக்காததுபோல ஜன்னலுக்கு வெளியே பார்த்தார்கள்.

அது வாந்தி இல்லை. வாந்தி வயிற்றிலிருந்து வரும், குமட்டும், புளிக்கும். இது குமட்டாது. காலையில் தின்ற இட்லி, மதியம் செருப்பு மாட்டக் குனியும்போது வாய்க்குள் வந்து நிற்கும். துளிப் புளிப்பு இருக்காது. வயிற்றுக்கே போகாத இட்லி அது. வெதுவெதுப்பாக, எச்சிலில் ஊறி நூல் விட்டு, வாளியில் ஊறவைத்து மறந்துபோன பழந்துணியின் வாடையோடு வரும். ஊரில் அதற்குச் 'சேறு' என்று பெயர் வைத்திருந்தார்கள். ஆஸ்பத்திரிகளில் வைத்த பெயர் வேறு: 'உணவு வெறுப்புப் பழக்கம்'. பழக்கம் என்றால் மருந்து வேண்டியதில்லை, புத்திமதி போதும்.

ராயபுரத்தில் சூசைக்கு அது ஆறு வருடமாக இருந்தது. துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவர். ஓட்டிய காலத்தில் எண்பத்தாறு கிலோ, இப்போது அறுபத்திரண்டு வயதில் நாற்பத்து நாலு. மொட்டைமாடியில் தகரம் போட்ட அறையில் இருந்தார். அவரை மாடிக்கு அனுப்பியது மனைவி பெனினா. அவள் கெட்டவள் இல்லை. இரண்டு வருடம் அவருடைய தலையணை உறையைத் தினமும் வெந்நீரில் அலசினாள். மூன்றாவது வருடம் ஒரு ஞாயிற்றுக்கிழமை விடியும்போது, முந்தின நாள் மதியம் அவர் தின்ற மீன்குழம்புச் சோறு அவளுடைய கூந்தலில் ஒட்டிக் காய்ந்திருந்தது. சீப்பை வைத்து இழுத்தபோது அதோடு ஒரு முள்ளும் வந்தது. அன்றைக்கே பாய் மாடிக்குப் போய்விட்டது.

அதைக்கூட சூசை பொறுத்துக்கொண்டார். அவரால் பொறுக்க முடியாதது ஒரு வரி. பெரிய ஆஸ்பத்திரியில் அவருடைய கோப்பின் முதல் பக்கத்தில் ஒரு இளம் டாக்டர் எழுதியது: 'நோயாளி வேண்டுமென்றே கக்குகிறார்.' அதற்குப் பிறகு எந்த டாக்டரும் இரண்டாவது பக்கத்தைப் புரட்டவில்லை. உணவுக்குழாயின் அடிவாயைக் கீறிவிட்டால் சாப்பாடு தன் எடையிலேயே வயிற்றுக்குள் விழும். அந்த அறுவை சிகிச்சை இருந்தது. அந்த வரி இருக்கும்வரை பட்டியலில் அவர் பெயர் ஏறாது. பெனினாவும் அந்த வரியைப் படித்திருந்தாள். படித்ததிலிருந்து அவரைப் பார்க்கும் பார்வையே மாறிவிட்டது.

"அந்த ஒரு வரிய அடிச்சிட்டாங்கன்னா போதும் ஜெசி. அப்புறம் நான் செத்தாலும் நோயில செத்தவன். இப்போ செத்தா அசிங்கம் புடிச்சவன்."

தங்கை ஜெசிந்தாவிடம் இதை அவர் நூறு முறையாவது சொல்லியிருப்பார். சேறு பழக்கமா நோயா என்று பார்க்க அரசு அமைத்த விசாரணை ஆணையம் கடைசியாகக் கூடிய அன்று காலையிலும் சொன்னார்.

ஜெசிந்தாவுக்கு ஐம்பத்து மூன்று வயது. தனியார் பரிசோதனைக் கூடம் ஒன்றில் மேனோமெட்ரி பார்ப்பவள். மூக்கு வழியாக மெல்லிய குழாய் ஒன்றை உணவுக்குழாய்க்குள் இறக்கி, விழுங்கும்போது தசை எவ்வளவு அழுத்துகிறது என்று திரையில் பார்க்கும் வேலை. தினமும் காலையில் எவர்சில்வர் தூக்கில் கஞ்சியோடு மாடிக்கு வருவாள். அந்த அறைக்குள் மூக்கைச் சுளிக்காமல் நுழைபவள் அவள் ஒருத்திதான்.

"இன்னா இன்னிக்கு, பார்லியா?"

"கேழ்வரகு. ரெண்டு தடவ வடிகட்டியிருக்கேன்."

டம்ளரில் ஊற்றி, சூடு பார்க்க உதட்டை வைத்து ஒரு வாய் குடித்துவிட்டு அவரிடம் கொடுத்தாள். அதே விளிம்பில் அவரும் வாய் வைத்தார். மற்றவர் டம்ளர் என்றால் சூசை அண்ணாந்துதான் குடிப்பார். சர்ச்சில் தரும் தேநீரைக்கூட உதட்டில் படாமல் ஊற்றிக்கொண்டு சட்டையெல்லாம் கறையாக்கிக்கொள்வார். ஜெசிந்தாவிடம் மட்டும் அது கிடையாது. அண்ணன் தங்கச்சிக்குள்ள என்ன எச்சில் என்பார்.

குடித்து முடித்ததும் சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றார். குதிகாலைத் தூக்கி எம்பி, தொம், தொம், தொம் என்று மூன்று முறை தரையில் இறங்கினார். தகரம் அதிர்ந்தது. நெஞ்சுக்குள் நின்ற கஞ்சி கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே நகர்ந்தது.

"சரக்கு எறங்கிருச்சு" என்றார், கிரேன் ஓட்டியபோது கீழே நிற்பவனுக்குச் சொன்ன அதே குரலில்.

ஜெசிந்தா முந்தானை முடிச்சை அவிழ்த்து ஓமத்தை எடுத்து மென்றாள்.

"அதென்னடி, ஊர்ல எல்லாருக்கும் நெஞ்செரிச்சல்னா இன்னான்னே மறந்துபோச்சு. நீ மட்டும் இன்னும் ஓமம் மெல்லுற?"

"பழக்கம்ணா."

"நம்ம அப்பன் ஆரோக்கியசாமி மவளுக்கு ஊசியும் வேணும், ஓமமும் வேணும்" என்று சிரித்தார். சிரித்ததில் கொஞ்சம் கஞ்சி மேலே வந்தது. துணியில் துடைத்துக்கொண்டார்.

படி இறங்கும்போது பெனினா சமையலறையிலிருந்து தலையை நீட்டினாள். "ஜெசி, அவர் கையில ரெண்டு துண்டாவது குடுத்துக் கூட்டிட்டுப் போ. அங்க பெரிய மனுஷங்க இருப்பாங்க. வேணும்னே செய்யப்போறாரு."

"அண்ணி, வேணும்னு யாராவது செய்வாங்களா?"

"பேப்பர்ல எழுதியிருக்கு. நானா எழுதினேன்?"

சூசை செருப்பை மாட்டினார். குனியாமல், காலாலேயே துழாவி.

*

ஊசியின் பெயர் 'நிம்மதி'. வருடத்துக்கு ஒன்று. போட்டால் வயிற்றில் அமிலம் சுரப்பது ஏறக்குறைய நின்றுவிடும். 2045-இல் ரேஷன் கடைகளில், பாமாயிலுக்கு அடுத்த கவுன்ட்டரில், இலவசமாகப் போட ஆரம்பித்தார்கள். போட்டதற்கு அட்டையில் ஊதா முத்திரை. முத்திரை இல்லாதவர்களுக்கு அலுவலகக் கேன்டீனில் சாப்பாடு கிடையாது. நெஞ்சைப் பிடித்துக்கொண்டு லீவு போடும் ஊழியர்களை எந்த நிர்வாகமும் விரும்பவில்லை. மூன்றே வருடத்தில் நகரத்தின் நாக்கு மாறிவிட்டது. நெஞ்சு எரியாது என்று ஆனபிறகு உணவகங்கள் காரத்தை ஏற்றிக்கொண்டே போயின. வறுத்த எண்ணெயிலேயே திரும்பத் திரும்ப வறுத்தார்கள். எந்த நேரமும் எதையும் தின்னலாம் என்று ஆனது. தின்றார்கள்.

ஊசி ரேஷன் கடைக்கு வருவதற்கும் மூன்று வருடத்துக்கு முன், பெரம்பூர் பக்கம் ஒரு வாடகைக் கட்டிடத்தில், அறுபது ஆண்களுக்கு அந்த ஊசியைப் போட்டுச் சோதித்தார்கள். துறைமுகத் தொழிலாளர்கள், லாரி ஓட்டுநர்கள். நேரம் கெட்ட நேரத்தில் தின்று நெஞ்செரிச்சலில் புரண்டவர்கள். முப்பத்தோராம் எண் சூசை. அழைத்துவந்தது ஜெசிந்தா. அங்கே மேனோமெட்ரி பார்த்ததும் அவள்தான்.

எங்கோ வெளிநாட்டில் எழுதப்பட்ட சோதனை விதி இப்படி இருந்தது: ஆளைப் படுக்கவைக்க வேண்டும், ஊசிக்குழலால் ஒரு கரண்டிகூட இல்லாத அளவு தண்ணீரை வாயில் விட வேண்டும், ஒருமுறை விழுங்கச் சொல்ல வேண்டும், இப்படிப் பத்து முறை. முதல் நாளே அறுபது பேரும் மறுத்துவிட்டார்கள். "அது எத்தினி பேர் வாயில போய்ட்டு வந்துச்சோ" என்றார்கள். உறையை அவர்கள் கண் முன்னால் கிழித்துக் காட்டியும் நம்பவில்லை. படுத்துக்கொண்டு தண்ணீர் குடிப்பது சாகக் கிடப்பவன் வேலை என்றார் ஒருவர். கடைசியில் ஒரு எவர்சில்வர் டம்ளர் வந்தது. மூக்கில் குழாயோடு உட்கார்ந்தபடியே, உதட்டில் படாமல், அண்ணாந்து மடக் மடக்கென்று குடித்தார்கள். அறுபது பேருக்கும் ஒரே டம்ளர். ஒருவருக்கும் அருவருப்பில்லை.

அண்ணாந்து குடிக்கும்போது திரை வெறுமையாகத்தான் இருக்கும். அடுத்தடுத்து மடக்கு வரும்போது உணவுக்குழாய் தன்னைத் தளர்த்திக்கொண்டு வழிவிட்டு நிற்கும். தண்ணீர் தன் எடையில் இறங்கும். ஆனால் கடைசி மடக்கு முடிந்த பிறகு, இரண்டு மூன்று நொடி கழித்து, மேலிருந்து கீழ்வரை ஒரே ஒரு பெரிய அலை வர வேண்டும். மிச்சமிருப்பதை வழித்துக் கீழே தள்ளும் அலை அது. ஊசி போடுமுன் எடுத்த பதிவுகளில் அது வந்தது. ஒரு வருடம் கழித்து எடுத்த பதிவுகளில் வரவில்லை.

ஜெசிந்தா இதைத் தன் மேலதிகாரி டாக்டர் ரகோத்தமனிடம் காட்டினாள். அவர் சொன்னதை அறிக்கையில் அறுபது முறை எழுதினாள்: 'குடிக்கும் முறையின் காரணமாக அலை பதிவாகவில்லை.'

இதைத் தன் அண்ணனிடமும் அவள் மறைக்கவில்லை. ஆணையம் அமைத்ததும் மாடிக்குப் போய்ச் சொன்னாள். சூசை கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "அவன் சொன்னான், நீ எழுதின. உனக்கு எப்படித் தெரியும்? விடு" என்றார். டம்ளரில் மிச்சமிருந்ததைக் குடிக்கக் கொடுத்தார்.

*

ஆணையம் சேப்பாக்கத்தில் ஓர் அரசுக் கட்டிடத்தின் மூன்றாவது மாடியில் கூடியது. ஆணையர் கோமளவல்லி, ஓய்வுபெற்ற நீதிபதி. கஞ்சி போட்ட வெள்ளைப் பருத்திச் சேலை, மேசையில் நேராக அடுக்கிய மூன்று பேனா. எட்டு மாதம் விசாரித்தும், சேறு நோய் தனக்கு இருக்கிறது என்று அந்த அறையில் வந்து சொன்னவர்கள் நான்கு பேர். மூன்று பேர் பிறகு வாக்குமூலத்தைத் திரும்பப் பெற்றார்கள். ஒருவருக்கு மகள் கல்யாணம். மற்ற இருவர் காரணம் சொல்லவில்லை. மிஞ்சியவர் சூசை. ஆணையத்தின் காலம் அன்று மாலையோடு முடிந்தது.

ஜெசிந்தா இரவல் வாங்கிய இயந்திரத்தை மேசையில் வைத்தாள். பக்கத்தில் தண்ணீர் கேன், வீட்டிலிருந்து கொண்டுவந்த டம்ளர். எதிரே ஊசிக் கம்பெனியின் ஆலோசகராக ரகோத்தமன். பதினாறு வருடத்தில் தலை நரைத்திருந்தது, குரல் அதேதான்.

"சாதாரண அமில மாத்திரையை ஜனங்கள் பல காலமாகச் சாப்பிடுகிறார்களே" என்றார் ஆணையர். "அதனால் இப்படி ஆகவில்லையே?"

"மாத்திரை வேறம்மா" என்றாள் ஜெசிந்தா. "வயித்துல அமிலத்த எறைக்க சின்னச் சின்ன பம்ப்புங்க இருக்கு. மாத்திரை அத ஒரு நாளைக்கு அடைக்கும். விட்டா தெறந்துக்கும். கிட்டத்தட்ட அதே ஜாடையில பம்ப்பு உணவுக்குழாய்த் தசையிலயும் இருக்கு. இந்த ஊசி வருஷம் முழுக்க உடம்புலயே கெடக்குது. வயித்துக்குன்னு போட்டது தசையையும் புடிச்சுக்குது. தசை தள்ளுறத நிறுத்திடுது."

"இது இவருடைய கற்பனை" என்றார் ரகோத்தமன். "பதிவு இருக்கிறதா?"

"ஊசி போடறதுக்கு முன்னாடி எடுத்த பதிவு உங்ககிட்டதானே சார் இருந்துச்சு?"

"பதினைந்து வருடம் முடிந்ததும் விதிப்படி அழித்துவிட்டோம்."

ஆணையர் சூசையைப் பார்த்துத் தலையசைத்தார். சோதனை ஆரம்பமானது.

குழாய் மூக்கில் ஏறும்போது சூசையின் கண்ணில் தண்ணீர் வழிந்தது. ஜெசிந்தா டம்ளரைக் கொடுத்தாள். இத்தனை பேர் முன்னால் அவர் அண்ணாந்துதான் குடித்தார். ஆறு மடக்கு. திரையில் தொண்டைப் பகுதி ஆறு முறை சிவப்பாக மின்னியது. அதற்குக் கீழே எல்லாம் நீலம். நீலம் என்றால் அழுத்தம் இல்லை. டம்ளரை இறக்கினார். மூன்று நொடி. பத்து நொடி. நீலம் நீலமாகவே இருந்தது.

முப்பதாவது நொடியில் அவருடைய வாய் திறந்துகொண்டது. காலையில் குடித்த கேழ்வரகுக் கஞ்சி, தண்ணீரில் கரைந்து, பழுப்பு நூலாக, முகவாயில் இறங்கிச் சட்டைப் பொத்தான்களின் மேல் வழிந்தது. சத்தமில்லாமல் வழிந்தது. அவர் முகத்தில் ஒரு சுளிப்புகூட இல்லை. சுளித்தால் வேண்டுமென்றே செய்வதாக ஆகிவிடும் என்று பயந்தவர்போல அசையாமல் உட்கார்ந்திருந்தார். வாடை மேசைக்கு மேசை நகர்ந்தது. சுருக்கெழுத்தர் நாற்காலியைப் பின்னால் இழுத்துக்கொண்டார். ஆணையர் முந்தானையை மூக்கில் வைத்தார். யாரோ மின்விசிறியைக் கூட்டினார்கள்; வாடை இன்னும் பரவியது.

"கோப்பில் உள்ளதைத்தான் இப்போது கண்ணால் பார்த்தோம்" என்றார் ரகோத்தமன் மெதுவாக. "திரையைப் பொறுத்தவரை, அண்ணாந்து குடிக்கும் யாருக்கும் இப்படித்தான் நீலமாக இருக்கும். இவர் எழுதிய அறிக்கையே அதைச் சொல்கிறது."

"குடிக்கும்போது நீலமாத்தான் இருக்கும். முடிச்சப்புறம் ஒரு அலை வரணும்."

"புத்தகத்தில் வரும். அந்தப் படங்கள் எல்லாம் கோப்பையை உதட்டில் வைத்துக் குடிப்பவர்களுடையவை. அண்ணாந்து குடிக்கும் நம் ஆட்களுக்கு அந்த அலை வரும் என்பதற்கு ஒரே ஒரு பதிவு. ஊசி போடாத ஒரு ஆள். காட்டட்டும், நான் எழுந்து போய்விடுகிறேன்."

ஆணையர் உதவியாளரைப் பார்த்தார். உதவியாளர் தயங்கினார். "பதினெட்டு வயசுக்கு மேல ஊசி போடாதவங்க லிஸ்டுல யாரும் இல்லைங்கம்மா. சின்னப் பிள்ளைங்களுக்கு மூக்குல குழாய் விடறதுக்குச் சட்டம் இடங்கொடுக்காது."

"வெளியூரிலிருந்து?"

"நேரம் இல்லைங்கம்மா. சாயங்காலம் அஞ்சு மணி."

சூசை குழாயை மெதுவாக உருவி எடுத்துக்கொண்டார். துண்டால் சட்டையைத் துடைத்தார். துடைக்கத் துடைக்கக் கறை அகலமானது.

"வா ஜெசி, போலாம்" என்றார். "நீ உன்னால முடிஞ்சத செஞ்ச."

ஜெசிந்தா எழவில்லை. முந்தானை முடிச்சுக்குக் கை போனது, அவிழ்க்காமல் திரும்பியது. கைப்பையிலிருந்து இன்னொரு குழாயின் உறையைக் கிழித்தாள்.

"என்னை வச்சுப் பாருங்க" என்றாள்.

ரகோத்தமன் சிரித்தார். "உங்கள் அட்டையிலும் ஊதா முத்திரை இருக்கிறதே அம்மா. பதிமூன்று முத்திரை."

"முத்திரை இருக்கு. ஊசி இல்ல. ரேஷன் கடையில ஊசி போட்ட நர்ஸு தெரிஞ்ச பொண்ணு."

கண்ணாடியில்லாமல், தன் கையாலேயே குழாயைத் தன் மூக்கில் ஏற்றினாள். தொண்டையில் இடித்து ஓங்கரித்தது. வாயில் புளிப்பு வந்தது. அந்த அறையில் வேறு யாருக்கும் நினைவில் இல்லாத புளிப்பு. விழுங்கினாள். கம்பியை இயந்திரத்தில் செருகினாள். டம்ளரை உயர்த்தி, உதட்டில் படாமல், ஆறு மடக்கு குடித்தாள்.

திரையில் ஆறு சிவப்பு மின்னல். கீழே நீலம். ரகோத்தமன் பேனாவை மூடினார்.

ஒன்று. இரண்டு.

மூன்றாவது நொடியில், தொண்டைக்குக் கீழிருந்து மஞ்சளாக ஒரு பட்டை கிளம்பியது. இறங்க இறங்கச் சிவந்தது. சரிவாக, நிதானமாக, திரையின் அடிவரை வந்து, வயிற்று வாயில் முட்டி நின்று, அணைந்தது. ஜெசிந்தா தன்னை அறியாமல் "ஹா" என்று ஒரு மூச்சு விட்டாள். நிறையத் தண்ணீர் குடித்துவிட்டு எல்லோரும் விடுகிற மூச்சு. அந்த அறையில் பலர் அதை விட்டுப் பல வருடம் ஆகியிருந்தது.

"இதுதாம்மா கடைசி அலை" என்றாள்.

ஆணையர் முந்தானையை மூக்கிலிருந்து எடுத்தார். "பதிவு செய்துகொள்ளுங்கள்" என்றார்.

சூசையின் முகம் மலர்ந்தது. பக்கத்தில் நின்ற உதவியாளரின் கையைப் பிடித்து, "பார்த்தியா சார், எங்க வூட்டுப் பொண்ணு" என்றார். உதவியாளர் கையை மெல்ல விடுவித்துக்கொண்டார்.

ரகோத்தமன் எழுந்து போகவில்லை. மூடிய பேனாவைத் திரும்பத் திறந்தார். பிறகு, "ஒரே ஒரு கேள்வி" என்றார். "ஊசி வேண்டாம் என்று எப்போது முடிவு செய்தீர்கள்?"

"ரேஷன் கடையில போட ஆரம்பிச்சப்போ."

"ஏன்?"

ஜெசிந்தா ஆணையரைப் பார்த்தாள்.

"பதில் சொல்ல வேண்டும்" என்றார் ஆணையர். "ஊசி போடவில்லை என்பதை நான் ஏற்க வேண்டுமானால், காரணம் பதிவில் இருக்க வேண்டும்."

"தெரிஞ்சுதாம்மா போடல."

"என்ன தெரிந்தது?"

"மொத வருஷமே அறுவது பேருக்கும் அலை நின்னுபோச்சு. குடிக்கிற முறையால இல்லன்னு எனக்குத் தெரியும். அதே மாதிரிதானே அதுக்கு முந்தின வருஷமும் குடிச்சாங்க. அப்போ வந்துச்சே."

"அதற்குப் பிறகும் இரண்டாவது ஊசி, மூன்றாவது ஊசி போடப்பட்டதா?"

"போட்டோம்."

"உங்கள் அண்ணனுக்கும்?"

ஜெசிந்தா சூசையின் பக்கம் திரும்பவில்லை. மூக்கிலிருந்து குழாய் இன்னும் தொங்கிக்கொண்டிருந்தது. "அண்ணனுக்கும்."

"யார் போட்டது?"

"அன்னிக்கு நர்ஸு வரல. நான்தான் போட்டேன்."

சுருக்கெழுத்தர் தட்டுவதை நிறுத்தித் தலையைத் தூக்கினார்.

"ஏன் சொல்லவில்லை?" ஆணையர் இதைக் கேட்டது நீதிபதியின் குரலில் இல்லை.

"வேலை போயிரும்னு பயம்னு சொல்லலாம். அதுகூட முழுசா நெசம் இல்லம்மா. எல்லாரும் நல்லாத்தான் இருந்தாங்க. எரிச்சல் போச்சுன்னு சிரிச்சாங்க, தின்னாங்க. அண்ணன் வாரத்துக்கு நாலு நாள் மட்டன் சாப்பிட்டாரு. நம்ம எதுக்கு நடுவுல வாயத் தொறக்கணும்னு இருந்துட்டேன்." மூக்கிலிருந்த குழாயை உருவி மேசையில் வைத்தாள். "எனக்கு மட்டும் வேணாம்னு வச்சுக்கிட்டேன். அவ்வளவுதான்."

ரகோத்தமன் கோப்புகளை அடுக்கிக்கொண்டு எழுந்தார். போகும்போது கதவருகே நின்று ஒரு கைக்குட்டையை எடுத்து வாயில் வைத்துக்கொண்டார். இருமலாகவும் இருக்கலாம்.

உத்தரவு நாலரை மணிக்குத் தட்டச்சாகி வந்தது. இது பழக்கம் அல்ல, நோய். பெயர், உணவுக்குழாய்த் தசை முடக்கம். மருத்துவமனைகள் இதை மறுக்கக் கூடாது. கடைசிப் பத்தியில் சூசையின் கோப்பு எண் இருந்தது. உதவியாளர் அந்தக் கோப்பைத் திறந்து, அடிமட்டம் வைத்து, சிவப்பு மையால் ஒரு கோடு போட்டார். 'நோயாளி வேண்டுமென்றே கக்குகிறார்' என்ற வரி கோட்டுக்கு அடியில் இன்னும் படிக்கக்கூடியதாகத்தான் இருந்தது. ஓரத்தில் ஆணையர் கையெழுத்திட்டார்.

கிளம்பும் முன் அவர் ஜெசிந்தாவின் மேசையருகே வந்து நின்றார். வழக்கு உங்கள் மேலும் வரும் என்றார். வரட்டும்மா என்றாள். ஆணையர் போகவில்லை. கட்டைவிரலால் தன் கழுத்துக் குழியை மேலிருந்து கீழாக ஒருமுறை தடவிக்கொண்டார்.

"நின்ற அலை திரும்ப வருமா?" என்று கேட்டார், சுருக்கெழுத்தருக்குக் கேட்காத குரலில்.

"தெரியலம்மா. இதுவரைக்கும் பார்த்ததில்ல."

அறை காலியானது. சூசை ஜன்னலோரம் நின்றிருந்தார். கையில் கோப்பின் நகல். மார்பில் கேழ்வரகு காய்ந்து ஓடுபோல வெடித்திருந்தது. அவர் எச்சில் விழுங்க முயல்வதும், அது இறங்காமல் கழுத்து நரம்பு புடைப்பதும் ஜெசிந்தாவுக்குத் தெரிந்தது. இந்த நேரத்தில் தண்ணீர் வேண்டும். ரொம்பக் குளிர்ந்தால் நெஞ்சைப் பிடித்துக்கொள்ளும். கேனைச் சாய்த்து டம்ளரில் ஊற்றினாள். பழக்கத்தில் உதட்டை வைத்து ஒரு வாய் குடித்துப் பார்த்தாள். சரியாக இருந்தது.

"அண்ணா."

அவர் வந்து டம்ளரை வாங்கிக்கொண்டார். விளிம்பைப் பார்த்தார். அவள் உதடு பட்ட இடத்தில் ஈரம் இருந்தது. அறைக் கோடியில் கைகழுவும் தொட்டி இருந்தது, அதுவரை நடந்தார். தண்ணீரைக் கொட்டினார். குழாயைத் திறந்து, விளிம்பை விரலால் சுற்றித் தேய்த்துக் கழுவினார். முகர்ந்து பார்த்தார். இன்னொருமுறை கழுவினார்.

பிறகு கேனிலிருந்து தானே ஊற்றிக்கொண்டு, அவளுக்கு முதுகைக் காட்டி நின்று, டம்ளரை நன்றாக உயர்த்தி, உதட்டில் படாமல் அண்ணாந்து குடித்தார். குதிகாலைத் தூக்கி எம்பி மூன்று முறை தரையில் இறங்கினார். மூன்றாவது மாடியின் பழைய தரை அதிர்ந்தது. ஜெசிந்தா காத்திருந்தாள்.

அவர் 'சரக்கு எறங்கிருச்சு' என்று சொல்லவில்லை. டம்ளரை மேசையில் கவிழ்த்து வைத்துவிட்டு, வெளியே விளக்கை அணைத்துக்கொண்டிருந்த உதவியாளரிடம், "சார், லிஃப்ட் எந்தப் பக்கம்?" என்று கேட்டுக்கொண்டு போனார்.